கதவு எந்தப் பக்கம்

ஆண்டவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்களா இல்லையா என்கிற வழக்கு அந்தச் சலவைக்கடைக்குள் வந்தது ஆஸ்பத்திரிப் போர்வைகளோடுதான். வேறு வழியாக வந்திருந்தால் வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆஸ்பத்திரி மூட்டையை யார் திருப்பி அனுப்புவார்கள்? கடைக்குச் சோறு போடுகிற மூட்டை அது. பெரியவன்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அழுக்கை அள்ளி வருவான். அங்கே கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற பாஸ்டர் ஒருவர் இருந்தார். நல்ல குரல், நல்ல மனசு, கையில் எப்போதும் கறுப்பு அட்டை போட்ட வேதப்புத்தகம். பெரியவன் மூட்டை கட்டுகிற நேரமெல்லாம் அவர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே கட்டினான். கொஞ்ச நாளில் அழுக்கோடு அதேமாதிரி ஒரு புத்தகமும் வீட்டுக்கு வந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இந்த வீட்டு வரிசையில் பாதிப் பேரைக் காணோம்.

சின்னம்மா அதற்கெல்லாம் கலங்கவில்லை. "எந்தக் கடையில வாங்கினா என்ன, சோப்பு சோப்புதானே" என்று சொல்லிவிட்டுப் பீடத்துணிக்குக் கஞ்சி போடப் போய்விட்டாள். பெரிய கோயிலின் பீடத்துணி அந்தக் கடையில்தான் காலங்காலமாக வெளுக்கிறது. இப்போது பாஸ்டரின் புதிய சபை ஞானஸ்நான அங்கிகளும் அங்கேயே வெளுக்க ஆரம்பித்தன. இரண்டையும் ஒரே கொப்பரையில்தான் அவித்தாள். ஒன்றின் சாயம் ஒன்றில் ஒட்டவில்லை.

சின்னம்மா என்று தெருவே கூப்பிட்டாலும் அவள் பெரியவன் ஒருவனுக்குத்தான் சின்னம்மா முறை. சலவைக்கடையை நடத்திய பாய்லர்காரரின் இரண்டாம் மனைவியாக அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது பெரியவனுக்குப் பால்பல் விழவில்லை. பெற்றவள் காய்ச்சலில் போய், அந்தக் கட்டிலின் விரிப்புகூட மாற்றாத வீடு. பையன் கொப்பரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு வாரம் வெளியே வரவில்லை. "அம்மான்னு கூப்பிட வேண்டாம்டா, சின்னம்மான்னு கூப்பிடு, போதும்" என்று ஒரு முட்டையை உரித்து நீட்டித்தான் அவனை வெளியே எடுத்தாள். பின்னால் அவள் வயிற்றிலேயே சின்னவன் பிறந்தான். அவன் பேச்சுப் பழகியது அண்ணனைப் பார்த்து. அண்ணன் என்ன சொல்வானோ அதையே தம்பியும் சொன்னான். பெற்ற பிள்ளை தன்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டபோது பாய்லர்காரர் திருத்தப் பார்த்தார். "விடுங்க, ரெண்டும் ஒரே மாதிரி கூப்பிடட்டும்" என்று அவள்தான் தடுத்தாள். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

கடையில் அவளுடைய தனி வேலை குறி போடுவது. எந்தத் துணி யாருடையது என்று தெரிய வேண்டுமே. ஆஸ்பத்திரிக்கு நீல நூல், ஓட்டலுக்குச் சிவப்பு, பெரிய கோயிலுக்கு மஞ்சள், சபைக்கு ஊதா. துணியின் ஓரத்தில் மடிப்புக்குள் சின்னதாகத் தைத்துவிடுவாள். கொப்பரையில் வெந்தாலும் போகாது, கல்லில் அடித்தாலும் போகாது. மருமகள்கள் இருவருக்கும் வந்த முதல் நாளே அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "குறி இல்லேன்னா நம்ம வீட்டுத் துணி. யோசிக்காம உள்ள கொண்டு போயிடு."

பாய்லர்காரர் செத்து வருஷம் திரும்புவதற்குள் வழக்கு முற்றிவிட்டது. ஒருநாள் மத்தியானம் சூப்பும் ரொட்டியும் எடுத்து வைத்தபோது சின்னவன் மாதாவை வேண்டிக் கைகூப்பினான். பெரியவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அந்தம்மாவுக்கு ஆண்டவருக்கப்புறம் நாலு பையங்க, பொண்ணுங்க வேற. நீ என்னடான்னா இன்னும் கன்னி கன்னின்னு சொல்லிட்டிருக்கே" என்றான். சின்னவன் கரண்டியைச் சூப்புக்குள் போட்ட வேகத்தில் மேசை விரிப்பெல்லாம் கறை. கறையைப் பார்த்து வருந்தியது சின்னம்மா மட்டும்தான்.

அன்று ஆரம்பித்தது நிற்கவில்லை. துணி அவிக்கும்போதும் அதே பேச்சு, அலசும்போதும் அதே பேச்சு. அதுவும் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. வெயிலைக் கண்ணால் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. ஆஸ்பத்திரிப் போர்வைகள் காயாமல் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கின. கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போவதென்றால் ஈரப் போர்வைகளை முகத்தால் விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். எந்தப் போர்வைக்குப் பின்னால் யார் நின்று யாரைக் குத்திப் பேசுவார்களோ என்று சின்னம்மா ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக்கொண்டே போவாள்.

பெரிய விரிப்புகளைப் பிழிய அந்தக் கடையில் இயந்திரம் கிடையாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒருவன் வலப்பக்கம் முறுக்க மற்றவன் இடப்பக்கம் முறுக்க வேண்டும். தனியாளால் ஆகாத காரியம். அண்ணனும் தம்பியும் சிறு வயதிலிருந்தே சேர்ந்து பிழிந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டே முறுக்குவார்கள். சண்டை போட்டுக்கொண்டும் முறுக்கினார்கள்.

"எழுதியிருக்கிறதைத்தான்டா சொல்றேன்" என்றான் பெரியவன், போர்வையை ஒரு சுற்றுச் சுற்றி. "ஆண்டவரைப் பாத்து ஊர்க்காரனே கேக்கறான், இவன் தச்சன் மகன்தானே, இவன் தம்பிங்க நாலு பேரும் நம்ம கூடத்தானே இருக்கானுங்கன்னு. பேரைச் சொல்லிக் கேக்கறான். பேரே வந்தப்புறம் இன்னும் என்ன?"

"நீ நம்ம பெரியப்பா பையனைப் பத்தி வெளியாள்கிட்ட என்னன்னு சொல்வே?"

"என்னன்னு சொல்வேன்? அண்ணன்னு சொல்வேன்."

"சொல்றியா இல்லையா! நாமளே அப்படித்தானே பேசறோம். அங்கேயும் அப்படித்தான். அதெல்லாம் மாதாவோட சொந்தக்காரங்க பிள்ளைங்க."

"வசதியா இருக்கே. பிடிக்கலேன்னா பெரியப்பா பையன், பிடிச்சா கூடப்பிறந்தவன். பாஸ்டர் சொல்றார், எழுத வந்தவருக்குச் சொந்தக்காரன்னு எழுதத் தெரியாதா? வேற இடத்துல எழுதியிருக்காரே."

"பாஸ்டர் சொல்றார், பாஸ்டர் சொல்றார்! பாதர் ஒண்ணு சொன்னார், அதையும் கேட்டுக்கோ. சொந்தக்காரங்க இல்லேன்னா மாதாவோட வீட்டுக்காரர் சூசையப்பரோட மூத்த தாரத்துப் பிள்ளைங்களா இருக்கலாம்னு அந்தக் காலத்துப் பெரியவங்க சொல்லியிருக்காங்களாம். மூத்த தாரத்துப் பிள்ளைங்க வீட்டோட இருந்தா ஊரு சகோதரன்னுதான் சொல்லும். உள்ளுக்குள்ள எப்படின்னு ஊருக்குத் தெரியுமா?"

பெரியவனின் கை நின்றது. தம்பி ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டே போனான். இந்தப் பக்கம் பிடி தளர்ந்து போர்வை சேற்றில் விழுந்தது.

"மூத்த தாரத்துப் பிள்ளைன்னா?" என்றான் பெரியவன். "உள்ளுக்குள்ள எப்படிடா? சொல்லு."

"நான் அந்தக் கதையைச் சொன்னேன்."

"எந்தக் கதையை? இங்க மூத்த தாரத்துப் பிள்ளை யாரு?"

சின்னவனுக்கு அப்போதாவது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தெரிந்திருக்கலாம். கோபம் வந்தால் அவனுக்கு அவன் அப்பாவின் வாய். "உன் கணக்குப்படியே பாரேன். வயித்துல பொறந்தவன்தான் சகோதரன்னு ராப்பகலா நிக்கறது நீயா நானா? அப்படின்னா நீ எனக்கு யாரு? நீயே சொல்லு."

சின்னம்மா சேற்றில் கிடந்த போர்வையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் முதுகில் வழிந்தது. "டேய், மறுபடி அவிக்கணும்டா இதை" என்றாள். சொல்ல வேண்டியது அது இல்லை என்று அவளுக்கே தெரியும். இருவருக்கும் ஆளுக்கொரு அறை விட்டிருக்க வேண்டும். தோளுக்கு மேல் வளர்ந்தவர்களை எப்படி அறைவது? பெரியவன் உள்ளே போய்விட்டான். அதற்கப்புறம் அவன் சின்னவனோடு சேர்ந்து போர்வை பிழியவில்லை. இரண்டு பக்கமும் மருமகள்கள் வந்து முனையைப் பிடித்தார்கள். போர்வைகள் பாதிதான் பிழிபட்டன. சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கின.

அடுத்த வாரம் தச்சர் வந்தார். நீள வாக்கில் வீட்டை இரண்டாக வகுத்து ஒட்டுப்பலகைச் சுவர். கூடம் பெரியவனுக்கு, பழைய அடுக்களை சின்னவனுக்கு. பெரியவன் பக்கம் புதிதாக ஒரு அடுப்பு. பின்புறம் துணி உலர்த்தும் கொட்டகைக்குப் போக ஆளுக்கொரு கதவு. கடை மட்டும் பொதுவில். தச்சர் அளந்துகொண்டே வந்தவர், நடுவில் இருந்த சின்னம்மாவின் அறையில் வந்து நின்றார். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று கூடத்துக்கு, ஒன்று அடுக்களைக்கு.

"இதுல ஒண்ணை அடைக்கணுமே சின்னம்மா" என்றார். "கதவு எந்தப் பக்கம்?"

சின்னம்மா ஒரு கதவைப் பார்த்தாள், திரும்பி மறு கதவைப் பார்த்தாள்.

"சரி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மத்த வேலையெல்லாம் முடிக்க அடுத்த சனிக்கிழமை ஆயிடும்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கட்டுமா? எங்க தொழில்காரர் சூசையப்பர் வீட்டு விஷயம் இது. அவருக்கு எத்தனை பிள்ளை, யாருக்குப் பொறந்ததுன்னு ஊரே கூடி மூக்கை நுழைக்கிறீங்களே, அவர் ஒரு வார்த்தை பேசினதா எங்கேயாவது இருக்கா? பாவம், வாயைத் திறக்காம வேலையைப் பாத்துட்டுப் போனார்" என்றார்.

சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பலகைச் சுவருக்கு மறைக்கத் தெரியுமே தவிர, சத்தத்தைத் தடுக்கத் தெரியாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பெரியவன் பக்கத்தில் பாட்டும் ஜெபமும் உரக்க எழும்பினால் சின்னவன் சுவரில் தட்டுவான். சின்னவன் பக்கத்தில் ஜெபமாலை நீண்டுகொண்டே போனால் பெரியவன் தட்டுவான். யார் தட்டினாலும் மறுபக்கத்துக்காரர்கள் குரலைக் குறைத்ததில்லை, கூட்டத்தான் செய்தார்கள். அந்தத் தட்டல் சின்னம்மாவின் அறைச் சுவரில்தான் இரு பக்கமும் வந்து மோதும். கட்டிலில் படுத்திருப்பவளுக்குத் தன் மண்டைக்குள் தட்டுவதுபோல் இருக்கும்.

பெரிய மருமகள் ஒரு நாள் துணி பிரிக்கிற மேசையில் அவளருகே வந்து உட்கார்ந்தாள். "அத்தை, இனிமே எங்க துணிக்கும் ஒரு குறி போட்டுடுங்களேன். ரெண்டும் கலந்துடுது. அவ என் பிள்ளைங்க சட்டையைக் கொண்டுபோய் வச்சுக்கிறா." சின்ன மருமகளும் அதையேதான் கேட்டாள், வேறு வார்த்தையில். சின்னம்மா பெரியவன் வீட்டுக்குப் பச்சை நூலும் சின்னவன் வீட்டுக்குக் கறுப்பு நூலும் எடுத்தாள். பேரப்பிள்ளைகளின் சட்டையிலும் உள்பாவாடையிலும் ஒவ்வொன்றாகத் தைத்தாள். கண் மறைத்தது. நூலைக் கோக்க முடியாமல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியையும் தைத்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் இரு மகன்களும் அவள் அறைக்கே வந்துவிட்டார்கள். பெரியவன் கூடத்துக் கதவில், சின்னவன் அடுக்களைக் கதவில். நடுவில் கட்டிலில் அவள், மடியில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டு.

"சின்னம்மா, நாளைக்குத் தச்சர் வர்றார்" என்றான் பெரியவன். "என் பக்கம் வந்துடு. சிலுவையில தொங்கற நேரத்துல ஆண்டவர் அம்மாவை யார்கிட்ட ஒப்படைச்சார்? கூடப்பிறந்தவங்ககிட்டயா? அவங்க அவரை நம்பலை. நம்பினவன்கிட்ட ஒப்படைச்சார். பொறந்ததை வச்சு இல்ல, விசுவாசத்தை வச்சு."

"அதான் இல்லேங்கறேன்!" என்றான் சின்னவன். "வேற பிள்ளை இல்லாததாலதான் சீடன்கிட்ட ஒப்படைச்சார். இருந்திருந்தா எந்த மகனாவது அம்மாவை அடுத்தவன் வீட்டுக்கு விடுவானா? பிள்ளை இருந்தா பிள்ளைதான் வச்சுப்பான். இங்க நான் இருக்கேன்."

சின்னம்மா உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வேதம் படித்தவள் அல்ல. ஆனாலும் ஒன்று அவளுக்குப் புரிந்தது. வயிற்றில் பிறந்ததுதான் உறவு என்று அடித்துப் பேசுகிறவன், பெறாதவளைக் கேட்கிறான். பெறாத பிள்ளையும் பிள்ளையாகலாம் என்று சொல்கிற கோயிலுக்குப் போகிறவன், பெற்றவள் எனக்குத்தான் என்கிறான். அவனவன் வாதம் அடுத்தவனுக்குத்தான் உதவுகிறது. இதைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்கு விளக்கம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த கிழங்கை எடுத்து உரித்தாள்.

"ஆனா ஒண்ணு சின்னம்மா" என்றான் பெரியவன். குரல் இறங்கியது. "வர்றதுக்கு முன்னாடி நீ எங்க சபையில முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கணும். உன்னை விட்டுட்டு நான் மட்டும் அங்க போய் என்ன செய்யப் போறேன்? எனக்கு முதல்ல முட்டை உரிச்சுக் கொடுத்தது நீதானே. நீ அழிஞ்சுபோயிடக் கூடாது." சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. அவன் நடிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தத் தண்ணிக்குள்ள இறங்கினா அப்பா பக்கத்துல இடம் கிடையாது, பாத்துக்கோ" என்றான் சின்னவன். "கோயில் கல்லறையில அப்பாவுக்கு ஒரு பக்கம் பெரியம்மா. இன்னொரு பக்கம் உனக்குன்னு விட்டு வச்சிருக்கு. அங்க வேற யாரையோ வைக்கச் சொல்றியா? பேசு சின்னம்மா."

"எனக்கு ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும்டா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"அது இனிமே நடக்காது" என்றார்கள் இருவரும். அந்த வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பெரியவன் வேதப்புத்தகத்தைப் பிரித்தான். "கேளு சின்னம்மா. ஆண்டவர் வீட்டுக்குள்ள பேசிட்டிருக்கார். உங்கம்மாவும் தம்பிங்களும் உங்ககூடப் பேசணும்னு வெளியில நிக்கறாங்கன்னு ஒருத்தன் வந்து சொல்றான். அதுக்கு அவர் சுத்தி உக்காந்திருக்கிறவங்களைக் காட்டி, இவங்கதான் என் அம்மா, இவங்கதான் என் சகோதரங்க, கடவுள் சொன்னபடி நடக்கிறவங்கதான் எனக்கு எல்லாம்னு சொல்றார். புரியுதா?"

"அதுக்காகப் பெத்தவளை வேண்டாம்னா சொன்னார்?" என்று பாய்ந்தான் சின்னவன். "கடவுள் சொன்னபடி முதல்ல நடந்ததே மாதாதானே. அது அவங்களைப் பெருமைப்படுத்திச் சொன்னது."

"அப்புறம் உள்ள கூப்பிட்டாங்களா?" என்றாள் சின்னம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரை?"

"வெளியில நின்னாளே அந்தம்மா. அவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பா. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்களா?"

பெரியவன் பக்கத்தைப் புரட்டினான். முன்னால் புரட்டினான், பின்னால் புரட்டினான். "அது எழுதலை" என்றான்.

"அது முக்கியமில்ல சின்னம்மா" என்றான் சின்னவன்.

"ஆமா, விஷயம் அதில்ல" என்றான் பெரியவன்.

உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. சின்னம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

அன்று சாயங்காலம் பெரியவன் பக்கத்தில் சபைக்காரர்கள் கூடினார்கள். அதைக் கேள்விப்பட்டு சின்னவன் பக்கத்தில் தெருப் பெண்கள் ஜெபமாலைக்கு வந்துவிட்டார்கள். சின்னம்மாவை இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள். "இதோ வரேன், கொட்டகையில துணி கிடக்கு" என்று இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் பின்னால் போனாள். பொய்யும் இல்லை. கொட்டகைத் தகரத்தில் புதிதாக ஓர் ஓட்டை. காய்ந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிப் போர்வைகள் மேல் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருந்தது. காற்று வேறு சுழன்றடித்தது. அவள் போர்வைகளை உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். தலைமுடி, முதுகு, எல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. இரண்டு கையும் கொள்ளாத சுமையோடு வீட்டுப் பின்புறத்துக்கு ஓடி வந்தாள்.

சின்னவன் பக்கத்துக் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. காற்றுக்கு அடித்துக்கொள்கிறதே என்று யாரோ போட்டிருப்பார்கள். பெரியவன் பக்கத்துக் கதவுக்குப் போனாள். அதுவும் தாழ்ப்பாள். அவள் அந்தப் பக்கம் இருப்பாள் என்று இவர்களும், இந்தப் பக்கம் இருப்பாள் என்று அவர்களும் நினைத்திருக்க வேண்டும்.

சுமையை இறக்க வழியில்லை, கீழே சேறு. முழங்கையால் கதவைத் தட்டினாள்.

உள்ளே பெரியவனின் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் சகோதரர்களும் வெளியே நிற்கிற அதே இடம். மத்தியானம் தொட்டது மனசில் தங்கியிருக்கும் போலிருக்கிறது. தட்டல் கேட்டதும் குரல் நின்றது. "பாத்தீங்களா, தம்பி வீட்ல தட்டறாங்க. வசனத்தைக் கேட்டாலே பொறுக்காது" என்றான். சபைக்காரர்கள் அல்லேலூயா சொன்னார்கள். வாசிப்பு முன்னைவிட உரக்கத் தொடர்ந்தது.

அவள் சின்னவன் பக்கம் வந்து, அந்தக் கதவை உதைத்தாள். "டேய், நான்தான்டா" என்று கத்தினாள். மழையிலும் உள்ளே எழும்பிய ஜெபத்திலும் அவள் குரல் கரைந்துபோயிற்று. உள்ளே சின்னவன், "அண்ணன் தட்டறான். தட்டட்டும். நீங்க சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க" என்றான். பெண்கள் குரலெடுத்து மாதாவை வாழ்த்தினார்கள். பாவிகளாகிய தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டார்கள். சின்ன மருமகளின் கீச்சுக் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

சின்னம்மா இரண்டு கதவுக்கும் நடுவில், பலகைச் சுவர் முடிகிற இடத்தில் நின்றாள். வாசலுக்குச் சுற்றிப் போகலாம். கடை வழியாக நுழைந்து கூப்பிடலாம். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கால் நகரவில்லை. மகன் உள்ளே தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே அந்தம்மாவும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது. அவள் யாரைப் பெற்றாள், எத்தனை பெற்றாள் என்று இத்தனை காலமாக ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். கால் வலித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னம்மாவுக்கு அழுகை வந்தது. மழையில் அது யாருக்குத் தெரியப் போகிறது?

கடைசியில் மண்ணெண்ணெய் எடுக்க வந்த பெரிய மருமகள்தான் கதவைத் திறந்தாள். "ஐயோ அத்தை!" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பக்கக் கதவும் திறந்தது. இரண்டு கதவிலிருந்தும் வெளிச்சம் வந்து சேற்றில் விழுந்தது. இரண்டு கதவிலும் இரண்டு மகன்கள்.

"நீ அந்தப் பக்கம்னுல்ல நெனச்சேன்" என்றான் பெரியவன்.

"அண்ணன் பக்கம் இருக்கேன்னு..." என்றான் சின்னவன்.

"சரி, உள்ள வா சின்னம்மா, நடுங்கறே பாரு."

"இப்படி வா. இங்க அடுப்பு எரியுது."

"கதவைத் திறந்தது நாங்க!"

"தட்டினதை எங்க பக்கம்னு சொன்னது யாரு? காது கேக்குது எனக்கு" என்றான் சின்னவன்.

அவள் நடுவில் நின்றபடியே, "முதல்ல துணியை வாங்குங்கடா" என்றாள்.

இருவரும் இறங்கி வந்தார்கள். மேலே கிடந்த போர்வையின் ஒரு முனை பெரியவன் கையிலும் மறுமுனை சின்னவன் கையிலும் வந்தது. பழக்கம் விடவில்லை, ஒருவன் வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமும் முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது. ஒன்று முடிந்து இன்னொன்று, அது முடிந்து மற்றொன்று. சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இது முடியாமலே இருக்கக் கூடாதா என்று இருந்தது. கடைசிப் போர்வையும் தீர்ந்தது. பெரியவன் பாதியைத் தூக்கிக்கொண்டு அவன் கதவு வழியாகப் போனான், சின்னவன் மீதியைத் தூக்கிக்கொண்டு அவன் கதவு வழியாகப் போனான். இருவரும் அவளுக்காகக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்கள். தாழ்ப்பாள் போட்டிருந்தபோதாவது அவளுக்குத் தட்டுவதற்கு இரண்டு கதவு இருந்தது; இப்போது எதில் நுழைந்தாலும் மற்றவனை விட்டதாகிவிடும்.

அவள் திரும்பி, வாசலைச் சுற்றிக் கடைக்குள் இருந்த இஸ்திரி அறைக்குப் போனாள். அங்கே கரி அணையாமல் கொஞ்சம் சூடு இருந்தது. மடித்த துணிகளின் நடுவே சுருண்டுகொண்டாள்.

காலையில் தச்சர் ஆணிப் பெட்டியோடு வந்தார். மகன்கள் இருவரும் அவரவர் பக்கத்தில் நின்றார்கள். மழை விட்டிருந்தது. சின்னம்மா துணி பிரிக்கிற மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"யோசிச்சிட்டீங்களா?" என்றார் தச்சர். "கதவு எந்தப் பக்கம்?"

"ரெண்டையும் அடைச்சிடுங்க" என்றாள்.

"ரெண்டையுமா? அப்ப உள்ள எப்படிப் போவீங்க?"

"போக வேண்டாம். கட்டிலை மட்டும் எடுத்து இஸ்திரி ரூம்ல போட்டுடுங்க."

"சின்னம்மா, என்ன பேச்சு இது?" என்று பெரியவன் முன்னால் வந்தான். "ஊர் என்ன சொல்லும்? பெத்தவளை வெளியில போட்டாங்கன்னு..." பெத்தவள் என்ற சொல்லில் நின்றுவிட்டான். சின்னவனும் வாயைத் திறந்தான். அதற்குள் அண்ணன் சொன்ன அந்தச் சொல் அவன் காதில் விழுந்து, அவனும் நிறுத்திக்கொண்டான்.

சின்னம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஏதாவது நடக்கும் என்று நினைத்தாள். பெரியவன் சேற்றுக் காலைத் தரையில் தேய்த்தான். சின்னவன் சுவரைப் பார்த்தான்.

"அடிங்க தச்சரே" என்றாள்.

சுத்தியல் சத்தம் ஒரு பக்கம் கேட்டு ஓய்ந்தது. தச்சர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அங்கேயும் அடித்தார். அதற்குள் கட்டில் இஸ்திரி அறைக்கு வந்துவிட்டது. அதில் கிடந்த விரிப்பையும் அவளுடைய சாம்பல் நிறப் போர்வையையும் யாரோ துணி பிரிக்கிற மேசைமேல் போட்டிருந்தார்கள். சின்ன மருமகள் அவசர அவசரமாகத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நீலம் ஆஸ்பத்திரிக்கு, மஞ்சள் கோயிலுக்கு, பச்சை அந்த வீட்டுக்கு, கறுப்பு இந்த வீட்டுக்கு. சாம்பல் போர்வையை எடுத்து நாலு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, இதுல குறியே இல்லையே. இதை எங்க வைக்க?"

சின்னம்மா கஞ்சிக் கொப்பரைக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆள் வந்து எடுக்காத துணிக்குன்னு ஒரு அலமாரி இருக்கில்ல" என்றாள். "அதுல வச்சிடும்மா."